கை தூக்கினா பேசக் கூடாது

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் வாயாடி. எங்க அம்மா சொன்னது, ஸ்கூல்ல டீச்சருங்க சொன்னது, கல்யாணத்துக்கு அப்புறம் மாமியார் நாள் தவறாம சொன்னது. தூங்கறப்பதான் இவ வாய் மூடும்னு என் வீட்டுக்காரர் சொல்லுவார். அதுலயும் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. அப்படிப்பட்டவ பதினேழு வருஷம் ஒரு மனுஷன் கையைத் தூக்கின உடனே வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்னா யாராவது நம்புவாங்களா? உக்காந்திருந்தேன். அது எங்க கடை சட்டம்.

கடைன்னா பெருசா நினைச்சுக்க வேண்டாம். தையல் கடைக்கு மேல மாடியில ஒரே ஒரு ரூம். ரெண்டு மேஜை, ஒரு பெஞ்சு, சுவரோரமா வாயைப் பொளந்துகிட்டு கிடக்கற கம்ப்யூட்டர் டப்பாக்கள், ஜாம் பாட்டில் பாட்டிலா ஸ்க்ரூ. படிக்கட்டு செங்குத்தா இருக்கும். கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு ஏறி வர்றவங்க மூச்சு வாங்கி முடிக்கற வரைக்கும் நான்தான் பேச்சுக் கொடுப்பேன். மிஷினுக்கு என்ன கோளாறுங்கறதோட வீட்டுல யார் யார் இருக்காங்க, யாருக்கு சர்க்கரை, யார் யாரோட பேசறதில்லை எல்லாம் அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிடும். சீட்டு எழுதி ஒட்டறது, போன் எடுக்கறது, மிஷின் வாங்கிட்டுப் போக மறந்தவங்களை விரட்டறது எல்லாம் என் பொறுப்பு. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கற வேலை என் வீட்டுக்காரருது. இப்ப அந்த ரூம்ல யாரோ கண்ணாடி விக்கறாங்க. அந்தப் பக்கம் போறப்பல்லாம் நிமிர்ந்து பார்க்காம என்னால போக முடியறதில்லை.

கம்ப்யூட்டருக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் மோட்டார் வைண்டிங் பட்டறையில இருந்தவர். பதினஞ்சு வருஷம் தண்ணி மோட்டார், மாவு மில் மோட்டார்னு இரைச்சலுக்கு நடுவுலயே வாழ்ந்தவர். அங்க கத்துக்கிட்டதுதான் அந்த வித்தை. நீளமான ஸ்க்ரூ டிரைவரோட முனையை ஓடற மோட்டார் மேல வெச்சு, பிடியைக் காதுக்குப் பின்னால எலும்புல அழுத்திக் கேக்கறது. எந்த பேரிங் போச்சு, எங்க உரசுதுன்னு சொல்லிடுவார். கம்ப்யூட்டருக்கு மாறினப்ப அதே ஸ்க்ரூ டிரைவரோட வந்தார். மத்த கடையில போட்டுப் பார்த்து, மாத்திப் பார்த்து, கடைசியில 'போச்சு சார்'ன்னு கையை விரிப்பாங்க. இவர் கேட்டே சொல்லிடுவார். அதனால தெருவுல அவருக்குப் பேரே காது. 'காது இருக்காரா?'ன்னு கேட்டுட்டுதான் படி ஏறுவாங்க. எனக்கு வந்த பேர் வாய். அதை என் முன்னாடி யாரும் சொன்னதில்லை. சொன்னா தெரியும் சேதி.

அவர் கேக்கற நேரம் ஒரு பூஜை மாதிரி இருக்கும். டப்பாவைத் திறந்து மிஷினை ஓட விடுவார். சீலிங் ஃபேனை நிறுத்தணும். ரேடியோவை நிறுத்தணும். போன் ரிசீவரை எடுத்துக் கீழ வைக்கணும். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைக் காதுல வெச்சுக்கிட்டு இடது கையைத் தூக்குவார். தூக்கிட்டார்னா அவ்வளவுதான். டீ கொண்டு வர்றவர்கூட வாசப்படியில டம்ளரோட நின்னுடுவார். கையை இறக்கி அவர் வாயைத் திறக்கற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் என்ன சத்தம்னு சொல்றதுக்கு முன்னாடி, 'எனக்கு இப்படிக் கேக்குது, அப்படிக் கேக்குது'ன்னு யாராவது சொல்லிட்டா போச்சு. மனசுல அது ஒட்டிக்குமாம், அப்புறம் அவருக்கும் அதுதான் கேக்குமாம். ஒருத்தர் மீறிச் சொன்னதுக்கு, 'அப்ப நீங்களே ரிப்பேர் பண்ணிக்குங்க'ன்னு டப்பாவை மூடிக் கையில கொடுத்துட்டார். அவ்வளவு முன்கோபம்.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, அசத்திடுவார். ஒரு வக்கீல் ஆபீஸ்லேருந்து ஒரு மிஷின் வந்துச்சு. 'ஊம்... ஊம்...'னு அலை அலையா உறுமும், மேஜை மேல இருக்கற பேனா தானா உருளும். மூணு கடை ஏறி இறங்கி, உள்ள இருக்கற ரெண்டு ஹார்டு டிஸ்க்கும் போச்சுன்னு முடிவு பண்ணி, வக்கீல் முகம் சுண்டிப் போய் வந்தார். இவர் கையைத் தூக்கினார், அரை நிமிஷம் கேட்டார், இறக்கினார். 'ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஒரே வேகத்துல ஓடறதை ஒட்டி ஒட்டி உக்கார வெச்சா ஒண்ணை ஒண்ணு சீண்டிக்கிட்டே இருக்கும்'னார். ஒண்ணைக் கழட்டி ரெண்டு தட்டு தள்ளி மாட்டி, ஸ்க்ரூவுக்கு அடியில ரப்பர் வாஷர் போட்டார். ரூமே அமைதியாச்சு. வக்கீல் என்னைப் பார்த்து, 'அம்மா, எங்க வீட்டுலயும் என் அண்ணன் ஒருத்தன் ஒட்டி உக்காந்திருக்கான்'னார். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுது.

போன்லயே கண்டுபிடிச்சதும் உண்டு. 'ரிசீவரை டப்பா மேல வைங்க'ம்பார். கேட்டுட்டு, 'டப்பாவுக்கு அடியில ஒரு கால் ஒடிஞ்சிருக்கு பாருங்க, அதான் ஆடுது'ம்பார். பார்த்தா ஒடிஞ்சிருக்கும்! அப்பல்லாம் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதையேதான் பேசிட்டுப் போவேன். அவர் 'ம்' கொட்டிக்கிட்டே வருவார்.

இப்ப டீச்சர் விஷயத்துக்கு வர்றேன்.

டீச்சர்னா ரிட்டயர் ஆன டீச்சர். கல்யாணம் பண்ணிக்கலை, ஒண்டிக்கட்டை. பதினாலு வருஷமா குழந்தைகளுக்குன்னு ஒரு அகராதி எழுதிட்டு இருந்தாங்க. சும்மா வார்த்தையும் அர்த்தமும் இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவங்க கிளாஸ்ல படிச்ச ஏதாவது ஒரு பிள்ளை வரைஞ்ச படம் இருக்கும். பிள்ளைங்க கிளாஸ்ல வரைஞ்சதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, தாளை அதுங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுவாங்களாம். 'அதுங்க படத்தை அதுங்க அம்மாகிட்ட காட்ட வேண்டாமா?'ன்னு என்கிட்ட சொன்னாங்க. அதனால அந்தப் படமெல்லாம் இருக்கற இடம் உலகத்துலயே ஒண்ணுதான், அந்த டப்பாவுக்குள்ள. அ-லேருந்து ஔ வரைக்கும் அச்சடிச்சு வெச்சிருந்தாங்க. க-லேருந்து மத்த எழுத்தெல்லாம் உள்ளேதான். நகல் எடுத்தீங்களான்னு இவர் கேட்டதுக்கு, 'அக்கா பையன் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கான் தம்பி'ன்னாங்க. எத்தனை நாளாச்சுன்னு நான் கேட்டேன். 'ரெண்டு வருஷம்'னாங்க.

முதல் தடவை வந்தப்ப மிஷின் உறுமுச்சு, மேஜை நடுங்குச்சு. இவர் கையைத் தூக்கினார், கேட்டார். விசிறியோட இறக்கையில ஒரு பக்கம் மட்டும் தூசி அப்பி எடை கூடிப் போச்சு, அதுதான் கோணலாச் சுத்தி எல்லாத்தையும் ஆட்டுதுன்னார். உண்மைதான். துடைச்சு, எண்ணெய் விட்டு, டிஸ்க்குக்கு வாஷர் போட்டதும் உறுமல் நின்னுடுச்சு. 'இன்னொரு தடவை கேட்டுடறேன்'னு மறுபடி கையைத் தூக்கினார்.

அப்பதான் எனக்குக் கேட்டுச்சு. டிக். கொஞ்சம் விட்டு, டிக் டிக். ரொம்ப மெல்லிசா, நகத்தால கண்ணாடியைத் தட்டற மாதிரி. டீச்சரும் தலையைச் சாய்ச்சதைப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அவர் கை தூக்கினபடியே இருந்துச்சு. கையை இறக்கி, 'பாருங்க டீச்சர், மூச்சுச் சத்தம்கூட இல்லை'ன்னார். எனக்கே கேட்டது காதுக்குக் கேட்காமலா இருக்கும்? கேட்டு, அதனால ஒண்ணும் இல்லைன்னு விட்டிருப்பார்னு நினைச்சேன். டீச்சரும் அப்படித்தான் நினைச்சிருக்காங்க. ரெண்டு பொம்பளைங்க, நாலு நல்ல காது, ஒருத்தியும் வாயைத் திறக்கலை. மிஷின் வீட்டுக்குப் போயிடுச்சு.

அடுத்த வாரம் மத்தியானம் டீச்சர் மறுபடி வந்தாங்க. பெஞ்சுல உக்காந்து, 'காலையில ரெண்டு தடவை திறக்கவே மாட்டேன்னுடுச்சு தம்பி. பிள்ளைங்க எல்லாம் உள்ள இருக்கு'ன்னாங்க. படம்னு சொல்லலை, பிள்ளைங்கன்னாங்க.

இவர் டப்பாவைத் திறந்தார். நான் ஃபேனை நிறுத்தினேன், ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சேன். கையைத் தூக்கினார். டிஸ்க் சுத்த ஆரம்பிச்ச உடனே டிக் டிக் டிக்னு அடிக்க ஆரம்பிச்சுது. போன வாரம் மாதிரி மெல்லிசா இல்லை. பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. இவர் முகத்துல ஒரு சலனம் இல்லை. ஸ்க்ரூ டிரைவரை இங்க வெச்சார், அங்க வெச்சார். 'விசிறி சுத்தமா இருக்கு. டிஸ்க்கும் அமைதியாத்தான் ஓடுது'ன்னு அவர் பாட்டுக்கு முணுமுணுத்தார். டீச்சர் என்னைப் பார்த்தாங்க. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் கை இன்னும் இறங்கலை.

ஐயோ, அந்த ஒரு நிமிஷம்! பேசினா ஊரே காதுன்னு கூப்பிடற மனுஷனை வாடிக்கைக்காரங்க முன்னாடி கவுத்த மாதிரி. பேசலைன்னா இந்த அம்மாவோட பதினாலு வருஷம் என் கண்ணு முன்னாடியே போகுது. பேசிட்டேன்.

"என்னங்க, அடிக்குதுங்க."

கோபமாத் திரும்பினார். "என்ன?"

"டிஸ்க்குங்க. டிக் டிக்குன்னு. இப்பக்கூட அடிக்குது."

திட்டப் போறார்னு நினைச்சேன். திட்டலை. என் வாயைப் பார்த்தார். அப்புறம் டீச்சர் முகத்தைப் பார்த்தார். டீச்சர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டு, ரெண்டு விரலை டிஸ்க் மேல வெச்சுக் கண்ணை மூடினார்.

"இப்பவா?"

"ஆமாங்க."

"இப்ப?"

"ஆமா."

சடக்குன்னு ஒயரைப் பிடுங்கினார். "போன வாரமும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கையைத் தூக்கியிருந்தீங்க."

ஜன்னல் பக்கம் போனார். கீழ தையல் மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. திரும்பி வந்து என் நாற்காலியை இழுத்து டிஸ்க்குக்குப் பக்கத்துல போட்டார். "உக்காரு. டிக்குன்னு ஒரு தடவை அடிச்சாலும் சொல்லு. நான் நிறுத்திடறேன்"னார். டீச்சர்கிட்ட, "உள்ள இருக்கற முள்ளு தடுமாறுது டீச்சர். ஓட விட ஓட விட தகட்டைக் கீறிடும். விட்டு விட்டுத்தான் எடுக்கணும். எல்லாம் வருமான்னு தெரியலை. எதை முதல்ல எடுக்கட்டும்?"னார்.

பெத்தவகிட்ட கேக்கற கேள்வியா அது? டீச்சர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுக்கிட்டாங்க. "க. அப்புறம் ப, ம, த, வ, ச. ய-வும் ஞ-வும் கொஞ்சம்தான் இருக்கும், நடுவுல எடுத்துக்குங்க. ந கடைசியில இருக்கட்டும். அது போன வருஷம் எழுதினது, ஞாபகத்துல இருக்கு"ன்னாங்க.

அப்படி ஆரம்பிச்சோம். டிஸ்க்கைத் தனியாக் கழட்டி ஒரு மடிச்ச துண்டு மேல வெச்சு, பக்கத்துல சின்ன விசிறி. அவர் ஒயரைச் சொருகுவார், டிஸ்க் சுத்தும், படங்கள் ஒவ்வொண்ணா எங்க டிஸ்க்குக்கு வரும். நான் காதை வெச்சுக்கிட்டு மூச்சைப் பிடிச்சு உக்காந்திருப்பேன். டிக். "நிறுத்துங்க!" அவர் பிடுங்குவார். பத்து நிமிஷம் ஆற விடுவோம். மறுபடி சொருகுவார். எத்தனை தடவைன்னு கணக்கே இல்லை. க மட்டும் ஒண்ணரை மணி நேரம் எடுத்துச்சு. திரையில கழுதை வந்துச்சு, அஞ்சு கால் இருந்துச்சு. கடல் வந்துச்சு, கப்பல் தலைகீழா மிதந்துச்சு. டீச்சர் ஒவ்வொண்ணுக்கும் வரைஞ்ச பிள்ளை யாருன்னு சொன்னாங்க. ஒண்ணு ரொம்பத் திக்குமாம், இன்னொண்ணு எப்பப் பார்த்தாலும் பென்சிலைக் கடிக்குமாம். ப வந்துச்சு, ம வந்துச்சு. எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. அவர் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துட்டுத்தான் ஒயரைத் தொட்டார். அந்த மனுஷன் வேலை நேரத்துல என் முகத்தைப் பார்த்து அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை.

ச முடியறப்ப மணி அஞ்சரை. ந-வுக்குச் சொருகினார். டிஸ்க் சுத்தலை. சுத்தப் பார்த்துச்சு, டிக் டிக் டிக்னு விடாம அடிச்சுது, அப்புறம் அடிக்கறதும் நின்னுடுச்சு. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டார்.

டீச்சர்தான் முதல்ல பேசினாங்க. "பரவாயில்லை தம்பி. இவ்வளவு வந்ததே பெருசு."

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க டீச்சர்"னார் இவர். "போன வாரமே எடுத்திருந்தா எல்லாம் வந்திருக்கும். எனக்கு மெல்லிசான சத்தம் எதுவும் கேக்கறதில்லை. ரெண்டு வருஷமாச்சு. தெரிஞ்சே உக்காந்திருந்தேன். இது என் தப்பு."

அந்த ரூம்ல, வாடிக்கைக்காரங்க முன்னாடி, அவர் வாயால அவரே சொன்னார். டீச்சர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாங்க. "எனக்கும்தான் கேட்டுச்சு. நானும்தான் சொல்லலை. டீச்சரா இருந்தவ, ஒருத்தர் கையைத் தூக்கினதுக்குப் பயந்துட்டேன் பாரு"ன்னாங்க.

ந என்னாச்சுன்னு கேப்பீங்க. எட்டு மாசத்துல மறுபடி எழுதிட்டாங்க. வார்த்தை வந்துடுச்சு, படத்துக்கு என்ன பண்றது? பழைய பிள்ளைங்களைத் தேடிப் பிடிச்சாங்க. நண்டு வரைஞ்ச பையன் இப்ப லாரி ஓட்டறான். மீசையும் அதுவுமா எங்க கடைக்கு வந்து, பெஞ்சுல உக்காந்து, நாக்கைக் கடிச்சுக்கிட்டு மறுபடி வரைஞ்சு கொடுத்தான். 'முதல்ல வரைஞ்சது இதைவிட நல்லா இருந்துச்சுடா'ன்னு டீச்சர் சொன்னதுக்கு, 'அப்ப நிறைய நண்டு பார்த்திருந்தேன் டீச்சர்'னான். அகராதி புஸ்தகமா வந்து எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்னைக்கு டீச்சர் படி இறங்கிப் போன அப்புறம் நடந்ததுதான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. டிஸ்க்குக்காக இல்லை. ரெண்டு வருஷம்! ஒரே வீடு, ஒரே கடை, ஒரே தட்டுல சாப்பிடாத குறை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

"ஊர்க்காரங்ககிட்ட மறைச்சீங்க, சரி. கடை நடக்கணும். நான் யாரு? மூணாம் மனுஷியா?"

அவர் ஸ்க்ரூவையெல்லாம் பாட்டில்ல போட்டுக்கிட்டே இருந்தார். எனக்கு இன்னும் ஏறுச்சு. பாட்டிலைப் பிடுங்கி மேஜை மேல வெச்சேன்.

"சொன்னா நீ கத்திப் பேச ஆரம்பிச்சுடுவேன்னு பயம்"னார்.

"பேசினா என்ன?"

"நீ மெதுவாப் பேசறப்ப உன் முகம் நல்லா இருக்கும். பாதி கேக்காது. மீதியை உன் முகத்தைப் பார்த்து நானாப் போட்டுக்குவேன். காதுக்காகக் கத்த ஆரம்பிச்சா அந்த முகம் போயிடும்."

அப்படியே பெஞ்சுல உக்காந்தேன். அவரும் வந்து உக்காந்தார், பக்கத்துல இல்லை, எதிர்ல. முட்டி முட்டியை இடிச்சுது.

"எதெல்லாம் விட்டுப் போச்சுன்னு உங்களுக்கே தெரியாது இல்ல?"ன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன்.

"நிறையத் தெரியாது. ஒண்ணு தெரியும்"னார். "போன வருஷம் உங்க அக்காவைப் பார்த்துட்டு வந்து, லைட்டுகூடப் போடாம ஒரு மணி நேரம் அழுதுக்கிட்டே பேசினே. இருட்டு. முகம் தெரியலை. எனக்கு ஒரு வார்த்தை கேக்கலை. சும்மா தலையை ஆட்டிக்கிட்டு இருந்தேன்."

பதினேழு வருஷத்துல அவர் என்னைக் குறுக்க பேசாம முழுசாக் கேட்டது அன்னைக்குத்தான்னு நான் நினைச்சிருந்தேன். ஆஸ்பத்திரியில அக்கா என்கிட்ட கடைசியாச் சொன்னது எல்லாத்தையும் அவர்கிட்டதான் இறக்கி வெச்சேன். இன்னொரு ஆள்கிட்ட சொல்லலை. அவருக்குத் தெரியும், அது போதும்னு அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.

"அதைச் சொல்லு"ன்னார்.

எழுந்து போய் ரூம்ல இருந்த ரெண்டு லைட்டையும் போட்டுட்டு வந்து, அவருக்கு நேரா உக்காந்து, அக்கா என் கையைப் பிடிச்ச இடத்துலேருந்து சொல்ல ஆரம்பிச்சேன்.